அப்பா வெட்டிய சொல்

எல்லோருடனும் அன்பாகப் பழகினார், சிரித்த முகத்துடன் வாழ்ந்தார் என்று நான் எழுதினால், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே சிரிப்பீர்கள். எங்கள் அப்பா கோபக்காரர். சொந்தத் தம்பியுடனேயே பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மகளாகிய நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பிறந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே வரலாற்று ஆசிரியராக இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தவர் அப்பா. அவருக்கு மிகவும் பிடித்த பாடம் முதலாம் உலகப் போர். பேரரசுகள் எப்படி உடைந்தன, தோற்றவர்களின் நிலத்தை வென்றவர்கள் வரைபடத்தில் கோடு கிழித்து எப்படிப் பங்கிட்டார்கள், ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்கள் எப்படித் தொழிற்சாலைக்கு வந்தார்கள் என்று கரும்பலகை நிறைய எழுதுவார். நானும் அந்த வகுப்பில் இருந்தவள்தான். ஒன்றை மட்டும் ஒவ்வொரு வருடமும் குரலை உயர்த்திச் சொல்வார்.

“முந்தின சண்டையளில தளபதிக்குத்தான் சிலை, சிப்பாய்க்குப் பேரே இல்லை. இந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஊர் ஊரா ஒவ்வொருத்தன்ர பேரையும் கல்லில பொறிச்சவை. உடம்பு கிடைக்காதவன்ர பேரையும் பொறிச்சவை. பேர் பதிஞ்ச மனிசனை இல்லையெண்டு ஒரு அரசாங்கமும் சொல்லேலாது. விளங்குதோ?”

எங்களுக்கு விளங்கியதோ இல்லையோ, அப்பா அதை முழுதாக நம்பினார். எங்கள் வீட்டைக் கெடுத்தது அந்த நம்பிக்கைதான்.

அண்ணாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊர் இளைஞர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெயர் பதிய வேண்டும் என்று ஒருநாள் காலை இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அண்ணாவைப் பின்வளவால் எங்கேயாவது அனுப்பிவிட அம்மா துடித்தார். அப்பா மறித்தார். “விசர்க்கதை கதையாதையும். போய்ப் பேரைப் பதிஞ்சுபோட்டு வரட்டும். பதியாமல் திரிஞ்சால்தான் பிரச்சினை” என்றார். போட்டுக்கொண்டு போக, தோய்த்து மடித்த சேட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். பதிவு நடந்தது அப்பா படிப்பித்த அதே வகுப்பறையில், அவருடைய மேசையில். போன அண்ணா திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் அப்பா முகாம் வாசலில் போய் நின்றார். உள்ளேயிருந்த அதிகாரி சொன்னதை ஒருவர் தமிழில் சொன்னார். “அப்பிடி ஒரு பதிவு நடக்கேல்லையாம், மாஸ்டர். பட்டியல் எண்டு ஒண்டும் இல்லையாம்.” அப்பா எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களுக்கும் முகாம்களுக்கும் அலைந்தார். எல்லா இடத்திலும் இதே பதில்தான். அதற்குப் பிறகு முதலாம் உலகப் போரை அவர் வகுப்பில் படிப்பிக்கவே இல்லை.

பிறகு கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்து வோபர்னில் ஓர் அப்பார்ட்மெண்டில் குடியேறினோம். வரலாற்று ஆசிரியர் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். குடியுரிமைச் சோதனைக்குப் படித்தபோது முதலாம் உலகப் போர் வந்த பக்கத்தில் புத்தகத்தை என்னிடம் தள்ளிவிட்டார். “அந்தச் சண்டையிலதான் கனடா தன்னைத் தனி நாடெண்டு நினைக்கத் தொடங்கினதாம். பெடியளைக் குடுத்து நாடு வாங்கியிருக்கினம். நாங்களும்தான் பிள்ளையைக் குடுத்தனாங்கள். எங்களுக்கு ஒரு கல்லுக்கூடக் கிடைக்கேல்லை.”

ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வீடு வாங்கிய பிறகு, ஒவ்வொரு நவம்பரிலும் பதினோராம் திகதி, போரில் மாண்டவர்களை இந்த நாடு நினைவுகூரும் நாளில், அப்பாவைப் போர் நினைவுக் கல்லடிக்குக் காரில் கூட்டிப் போவேன். கோட்டில் சிவப்புப் பொப்பிப் பூ குத்திக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், உங்கள் குடும்பத்தில் யாராவது இதில் இருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டார். “மை சன்” என்றார் அப்பா. அந்தப் பெண்மணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நூறு வருடத்துக்கு முந்திய பெயர்களுக்குள் அண்ணாவைத் தேடினார். அப்பா அவரைத் தடுக்கவில்லை.

இனி அந்தப் பன்னிரண்டு வருடக் கதை. எங்கள் குடும்பத்தில் மரண அறிவித்தலும் மலரும் எழுதிக் கொடுப்பவர் சித்தப்பா. பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் போடும்போது, இறந்துபோன பிள்ளையின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவது எங்கள் வழக்கம். அம்மா இறந்தபோது அச்சிட்ட மலரில் அண்ணாவின் பெயருக்கு முன்னால் சித்தப்பா அதைப் போட்டுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருடமாகிவிட்டது, அப்பாவும் மனதுக்குள் ஏற்றிருப்பார் என்று நினைத்துவிட்டார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை நடந்த மண்டபத்தில் மலர்ப் பெட்டியைத் திறந்ததும் அப்பா கண்டுவிட்டார். “அவன் செத்துப்போனான் எண்டு உனக்கு ஆர் சொன்னது? நீ கண்டனியோ?” என்று சபை நடுவே கத்தினார். பிறகு ஒரு கறுப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, முந்நூறு மலரிலும் அந்தச் சொல்லைத் தன் கையால் வெட்டினார். சாப்பாடு ஆறும்வரை சனம் காத்திருந்தது. சித்தப்பா சாப்பிடாமலே போய்விட்டார்.

அப்பா, இதை நான் சொல்லத்தான் வேண்டும். உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. அண்ணாவுக்கு ஒரு திவசம் இல்லை, படத்துக்கு ஒரு மாலை இல்லை. அம்மா கண் கலங்கினால் “செத்தவனுக்குத்தான் அழுகிறது” என்று அதட்டுவீர்கள். அம்மா அழாமலே போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மத்தியானம் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“என்ர மலரில அந்தச் சொல்லைப் போடு.”

“எந்தச் சொல் அப்பா?”

“உனக்குத் தெரியும். நான்தானே சேட்டைக் குடுத்து அனுப்பினனான். செத்துப்போனான் எண்டு சொன்னால் நான் கொன்றதா வந்திடும் எண்டு பயந்து, உன்னையும் அம்மாவையும் அழ விடேல்லை. அந்தக் கல்லில பேரைக் கண்ட தாய்மார் அழுது முடிச்சிருப்பினம். நீயாவது அழு, பிள்ளை. என்ர அந்தியேட்டிக் கிரியையோட அவனுக்கும் சேர்த்துச் செய்விச்சுவிடு.”

ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

மலர் எழுத யாரைக் கூப்பிடுவது? வெட்கத்தை விட்டுச் சித்தப்பாவுக்குத்தான் போன் அடித்தேன். உடனே வந்தார். பெயர் வரிசையில் அண்ணாவிடம் வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

“அப்பாதான் போடச் சொன்னவர், சித்தப்பா.”

“சொல்லியிருப்பார். அண்டைக்கு நான் யோசிக்காமல் போட்டிட்டன். பன்னிரண்டு வருசம் அண்ணை என்ர முகம் பார்க்கேல்லை. இண்டைக்கு என்ர கையால ஏலாது, பிள்ளை. நீயே எழுது.”

நானே எழுதினேன். எழுதிவிட்டு மேசையில் தலையை வைத்து, முப்பது வருடத்துக்கு மேல் பிந்தி, அண்ணாவுக்காக அழுதேன். சித்தப்பாவும் அழுதார்.

அப்பாவைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளை முன்னின்று நடத்தியவர்களுக்கும், பழையதை மனதில் வைக்காமல் வந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வருகிறேன் என்று சொல்லி வராதவர்களையும் அப்பா எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாம் பக்கத்தில் அண்ணாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறது. பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். அதை வெட்ட உரிமை இருந்தவர் ஒருவர்தான். அவருடைய பெயருக்கு முன்னாலும் இப்போது அதே சொல்தான் இருக்கிறது.