சாரத்துப் பங்குதாரர்கள்

சாரம் பகுதியில் தனக்கொடி சீட்டு நடத்தினால் கண்ணை மூடிக்கொண்டு சேருவார்கள். ஓடிப்போகாத சீட்டுக்காரி என்பதுதான் அவளுடைய மொத்தப் படிப்பும் பட்டமும். அந்தத் தெம்பில்தான் போன வருஷம் சீட்டுப் பெண்களையெல்லாம் சேர்த்து, மகள் அபியின் பேரில், வீடியோ கேம் மெஷின் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பங்கு சரிந்த செய்தி தெருவில் பரவியது. சீட்டுக்காரி ஓடிவிட்டால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எல்லாரும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கம்பெனிக்காரன் ஓடிட்டானா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலவேணி.

"ஓடல அத்த," என்றாள் அபி. "இந்த வருஷம் புதுசா ஒரே ஒரு கேம்தான் வருதாம். பணம் போட்டவங்களுக்கு நம்பிக்க போயிடுச்சி, விக்கிறாங்க."

"சரக்கு என்னன்னே பாக்காம எப்பிடிடி விக்கிறது?" என்ற தனக்கொடி, மகளிடம் இருந்த அந்தக் கம்பெனியின் பழைய மெஷினை டிவியில் மாட்டச் சொன்னாள்.

அது கார் பந்தயம். கமலவேணி போன வேகத்தில் நேராக ஆற்றில் இறங்கினாள். அவளைக் கேலி செய்துகொண்டே அடுத்தவளும் அதே ஆற்றில் இறங்கினாள். கார் திரும்பிய பக்கமெல்லாம் கூடமே சேர்ந்து சாய்ந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டிய தனக்கொடி, ஒரு வளைவில் நாற்காலியோடு கவிழ்ந்தாள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் வந்துவிட்டது. வந்த வேலை யாருக்கும் நினைவில்லை.

பொழுது சாய்ந்தபின் அபிதான் கேட்டாள். "அப்ப பங்க வித்துடட்டுமா?"

கமலவேணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு? புது கேம அவன் மெதுவாவே போடட்டும். நாங்க பழசுலயே இன்னும் ஆத்தத் தாண்டல."