வீணை போட்ட இதயப் பாடம்

1. கேசட் வந்த அன்று

வீணைச் சத்தம் கேட்டதும் டேப்ரிகார்டரை நிறுத்தினேன். இதயம் எப்படி வேலை செய்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கேசட் அது. அதில் வீணைக்கு என்ன வேலை?

எண்பதுகளில் எங்கள் தொழிலில் சாஃப்ட்வேர் என்றால் கம்ப்யூட்டர் சமாசாரம் இல்லை. புரொஜெக்டரும் டேப்ரிகார்டரும் ஹார்டுவேர். அவற்றில் போடுகிற ஸ்லைடும் கேசட்டும் சாஃப்ட்வேர். பள்ளிகளுக்குப் பாடம் தயாரித்த எங்கள் டிரஸ்டுக்கு ஸ்லைடு பெங்களூரிலிருந்து வரும், குரல் சேலம் ஸ்டூடியோவிலிருந்து, ஆசிரியர் கையேடு தருமபுரி அச்சகத்திலிருந்து. மூன்றையும் பொருத்துவது என் வேலை. கோஆர்டினேட்டர் என்று பெரிய பெயர், ஆபீசில் இருந்தது நான் ஒருத்திதான். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம் இடி, எனக்கு மூன்று பக்கம்.

கேசட்டில் அங்கங்கே 'பீப்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்ததும் ஆசிரியர் புரொஜெக்டர் வயரில் இருக்கும் பட்டனை அமுக்குவார், அடுத்த படம் விழும். அந்தப் பீப்பைத்தான் காணோம்.

சேலத்துக்கு டிரங்க் கால் போட்டேன். பக்திப் பாட்டு ரெக்கார்டு செய்து பழகிய ஸ்டூடியோக்காரர் பெருமையாகவே சொன்னார்.

"அந்தக் கீச்சுச் சத்தம் காதுக்கு உறுத்துச்சுங்க மேடம். எடுத்துட்டு வீணை போட்டுட்டேன். கேளுங்க, கோயில்ல உக்காந்த மாதிரி இருக்கும்."

"அய்யய்யோ, பீப் இல்லாம படம் எப்படிங்க மாறும்? நாளைக்குப் பென்னாகரத்துல டிரஸ்ட் கமிட்டிக்குப் போட்டுக் காட்டணுங்க!"

"நாளைக்குங்களா? இந்த வாரம் பூரா ரெக்கார்டிங் இருக்குதுங்களே."

பெங்களூர்க்காரர், "நம்ம ஸ்லைடு வரிசை கரெக்டு மேடம், சத்தம் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை" என்றார். அச்சகத்தில், "பீப் வந்ததும் அமுக்கவும்னு அச்சடிச்சு பைண்டிங்கும் ஆயிப்போச்சுங்க" என்றார்கள். மூவர் வேலையும் முடிந்திருந்தது. பாடம்தான் இல்லை.

போனை வைத்துவிட்டு அழுதேன். யாரிடமாவது புலம்பலாம் என்றால், அம்மா இருந்த மாரண்டஹள்ளி வீட்டில் போன் இல்லை. ஆபீசுக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்காரரோ, நான் சினிமாக் கம்பெனி நடத்துவதாக நினைத்திருந்தார். இந்த வேலை என்னவென்று தெரிந்தவர் ஆபீஸ் இருந்த ஊரில் ஒருவரும் இல்லை.

2. பென்னாகரம்

பாடம் கமிட்டிக்குப் பிடிக்காவிட்டால் திட்டத்தை மூடுவார்கள், என் வேலையும் போகும். பள்ளியில் ஜன்னல்களைப் போர்வையால் மறைத்தோம். இருட்டில் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று நானே பட்டனை அமுக்கினேன். ஸ்கிரிப்ட் எனக்கு மனப்பாடம். சொல்லுக்குச் சொல் படம் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

விளக்குப் போட்டதும் டிரஸ்ட் தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதியமான்கோட்டைப் பக்கத்துப் பண்ணையார் அவர். "அட, தானா ஓடுதுங்களே! கேசட்டக் காப்பி போட்டு எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிருங்க. இனி கோஆர்டினேட்டர் எதுக்கு? இந்த மாசத்தோட ஆபீச மூடிரலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, இன்னொருக்கா பாருங்க" என்று விளக்கை அணைத்து, கேசட்டை முதலிலிருந்து ஓட விட்டேன். பட்டனை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கட்டி நின்றேன். குரல் இரத்தக் குழாய்க்குப் போயிற்று, வீணை ஒலித்தது. திரையில் முதல் படமே நின்றது.

"ஏம்மா, நின்னுபோச்சு?"

"இத்தன நேரமும் நாந்தாங்க ஐயா தள்ளிக்கிட்டிருந்தேன்."

தலைவர் எழுந்து விளக்கைப் போட்டார். பிறகு, "அந்த மூணு பேத்தையும் வரச்சொல்லுங்க. இந்தம்மா சரின்னு சொன்னாத்தான் பில்லு" என்றார்.

வேலை நிலைத்தது. கமிட்டி ஜீப்பில் ஒகேனக்கலுக்கு மீன் சாப்பிடப் போனது. என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை யாருக்கும். புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். ஜெயித்த அன்றுதான் அந்தத் தனிமை ரொம்பவும் வலித்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாலு பேர் வேலைக்கு நடுவில் விழும் ஓட்டையைச் சத்தமில்லாமல் கையால் அடைத்தால், ஓட்டையும் தெரியாது, உங்கள் கையும் தெரியாது. ஒருமுறையாவது கையை எடுத்துவிடுங்கள்.