அமரவிளை ஆபீசில் எப்சி வைத்த ஸ்விட்ச்

எப்சியைப் பார்த்து யாரும், “உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தீர்ந்தது, அன்றைக்கு முழுக்க அவர்களுக்கு வகுப்புதான். காஞ்சிரங்குளத்தில் கூலிவேலை செய்யும் குட்டப்பனின் மூத்த மகள் அவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறியவள். நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, முனையில் கிளிப் அழுத்தி முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே! வேலை தெரிந்தவளுக்குக் கர்வம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

தொண்ணூற்றொன்பதில் அவள் சதாசிவன் சாரின் டி.டி.பி. ஆபீசில் இருந்தாள். கேரள எல்லையை ஒட்டிய அமரவிளையில் ஹைவே ஓரமாக, மருந்துக்கடைக்கு மேலே மாடி. அங்கே எட்டுக் கம்ப்யூட்டர், எட்டுப் பேர். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள டியூட்டோரியல்களுக்கு வேண்டிய கைடுகளும் மாதிரி வினாத்தாள்களும், தமிழிலும் மலையாளத்திலும் அங்கேதான் தயாராகும். டைப்பிங் வேலையோடு நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதும் எப்சியின் பொறுப்பு.

எட்டுக் கம்ப்யூட்டர்களையும் சேர்த்து வைத்திருந்தது ஹப் என்கிற பெட்டி. ரகசியம் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. ஒருவருக்கு அனுப்பும் படத்தை மற்ற எல்லாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக்கொள்ளும்; பெட்டியில் மஞ்சள் விளக்கு துடிக்கும்; திரும்ப அனுப்ப வேண்டும், திரும்பவும் மோதும். போதுமடா சாமி என்றாகிவிடும்.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவள் தமிழ் டைப் செய்யும் ரத்னபாய் அக்கா. பெரிய ஃபைல் அனுப்புகிறவர் முதலில், “அனுப்பட்டா?” என்று உரக்கக் கேட்க வேண்டும். மற்றவர்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “அனுப்பு” என்பார்கள். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். இரண்டு வருஷமாக அந்த ஆபீசில் யாரும் இதை மீறியதில்லை. நாளில் பாதி நேரம் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பரீட்சைக் காலம் நெருங்கியதும் சதாசிவன் சாருக்குப் பொறுமை போயிற்று. நெட்வொர்க் முழுவதையும் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கப் போவதாக வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார். அவர்களே ஆளும் அனுப்புவார்களாம். அப்படியென்றால் எப்சிக்கு அங்கே வெறும் டைப்பிங்தான் மிச்சம். படித்த படிப்புக்கு அந்த வட்டாரத்தில் கிடைத்திருந்த ஒரே வேலையும் கையை விட்டுப் போகும். அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

“ஹப்பை மாத்தி ஸ்விட்சுன்னு ஒரு பெட்டி வெச்சா போதும் சாரே. யாரோட கேபிள் எந்த ஓட்டையில இருக்குன்னு அதுக்குத் தெரியும். உரிய ஆளுக்கு மட்டும் கொண்டு குடுக்கும். நாலு சோடி ஒரே நேரம் பேசலாம், ஒண்ணோடொண்ணு முட்டாது.”

“உறப்பா? நிச்சயந்தானா?” என்றார் அவர்.

“உறப்பாக்கும். செரியாகலேன்னா நான் இந்தப் படி ஏற மாட்டேன்.”

“செரி. திங்கக்கிழமை உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்கு, அவங்க என்னை போன்ல விளிப்பாங்க. அதுக்குள்ள காட்டு.”

திங்கட்கிழமை காலையில் ஹப்பைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கி வந்த ஸ்விட்சை மாட்டினாள். படங்கள் நிறைந்த கைடு ஒன்றின் நான்கு பாகங்கள், நான்கு கம்ப்யூட்டரிலிருந்து வேறு நான்குக்குப் போக வேண்டும். சனிக்கிழமை ஹப்பில் இதற்கு எட்டு நிமிஷம் பிடித்தது. சதாசிவன் சார் வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அனுப்பட்டா?” என்றாள் ரத்னபாய். “அனுப்பு.” பிறகு ஸ்கேனர் பார்க்கும் தேவகுமார், “அனுப்பட்டா?” என்றான். பிறகு மலையாளம் டைப் செய்யும் ஜிஜி. பிறகு கடைசி மேசைக்காரர். எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

“எட்டு மினிட்டு. சனிக்கிழமையும் எட்டு. பின்ன இந்தப் பெட்டி எதுக்கு மோளே?” என்றார் சார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எப்சியைக் கொன்றது. கேபிள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எட்டுப் பச்சை விளக்கும் ஒழுங்காக எரிந்தன. ஊரெல்லாம் கேட்கப் பேசியாயிற்று, இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? கண் கலங்கிக்கொண்டு வந்தது. மணி பதினொன்றே முக்கால்.

அப்போது தன் வழக்கமான வேலைக்குத் திரும்பிய ரத்னபாய், “அனுப்பட்டா?” என்றாள். ஏழு பேரின் கையும் கீபோர்டை விட்டு எழும்பின. எப்சியின் கையும்தான்!

அவளுக்குச் சுரீரென்றது. அட, என் அறிவே! பாதையை அகலமாக்கிப் போட்டாயிற்று, இவர்கள் இன்னும் ஒவ்வொருவராக அல்லவா நடக்கிறார்கள்!

“யாரும் கேக்கண்டாம்! நான் மூணு எண்ணுவேன். நாலு பேரும் சேந்து அனுப்பணும்.”

“ஐயோ மக்கா, எல்லாம் செத்துப் போவுமே!” ரத்னபாய் மவுசிலிருந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“செத்தா நானாக்கும் அடக்கம் பண்ணுவேன். கையை வையுங்கக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு!”

ரத்னபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அழுத்தினாள். ஸ்விட்சில் எட்டு விளக்கும் படபடவென்று துடித்தன. முதலில், “வந்துட்டு!” என்று தேவகுமார் அனுப்பியதை வாங்கியவரின் குரல். ஜிஜியின் ஃபைல் முடிந்தது. மற்ற இரண்டும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. சதாசிவன் சார் வாட்சைக் காதருகே கொண்டுபோனார், நின்றுவிட்டதோ என்று.

“ரெண்டு மினிட்டு,” என்றார். பிறகு நம்பாமல் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடியும் இரண்டு. ரத்னபாய் எழுந்து வந்து எப்சியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

பன்னிரண்டுக்குப் போன் அடித்தது, திருவனந்தபுரத்துக் கம்பெனி.

“வேண்டாம் கேட்டோ,” என்றார் சார். “இவிட ஆளுண்டு.” அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. “இல்ல, பெரிய கம்பெனி ஒண்ணும் இல்ல. நம்ம ஆபீசில உள்ள ஒரு பெண்ணு.”

எப்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“பேரைச் சொல்லுங்க சாரே!”

சதாசிவன் சார் அவளைப் பார்த்தார். ரிசீவரை வாயருகே நெருக்கிப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“எப்சி. காஞ்சிரங்குளம் குட்டப்பன் மகள் எப்சி. எழுதி எடுத்தோ.”