பைகள் நின்ற வரிசை

நர்ஸிங்குக்கு இடம் கிடைத்தும் வேண்டாம் என்று மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போன மகளை அம்மா மன்னிக்கவே இல்லை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டே முழங்கால் வலி கண்டவள் அம்மா. "ஊசி போடத் தெரியாது, புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியாது. ஆஸ்பத்திரியில உனக்கு என்ன வேலை, நாற்காலி தொடைக்கவா?" என்றாள்.

"உன்ன மாதிரி கால் கடுக்க நிக்காம உக்காந்து பாக்குற வேலை" என்று மகளும் வெடுக்கென்று திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் டங்கென்று முன்னால் வந்து விழும். பிடிவாதத்தில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை.

கடைசி ஆண்டுப் பயிற்சிக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலை அவள் தலையில் கட்டினார் கண்காணிப்பாளர். அங்கே விடியும் முன்பே வரிசை நிற்கும். ஆட்கள் அல்ல, பைகள். பையையோ செருப்பையோ போட்டு இடம் பிடித்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சொந்தபந்தம் அத்தனைக்கும் சேர்த்துப் பை போடுகிற கில்லாடிகளும் உண்டு. தினமும் ரகளைதான்.

"இத ஒழுங்கு பண்ணிக் காட்டும்மா. படிப்பு முடிஞ்சதும் இங்கயே வேலைக்கு எழுதறேன்" என்றார் அவர். அந்த வேலைக்காகத்தான் அவள் இத்தனை நாள் வீட்டில் முகம் பார்க்காத சோறு தின்றாள்.

மரத்தடியில் போய் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. மறுநாள் காலை பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வீசினாள். நடுவில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறையோடு ஒரு துணிப்பை. அம்மாவுடையது. முழங்கால் வலி முற்றி இங்கே வந்தும் மகளிடம் மூச்சு விடவில்லை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை மட்டும் விட்டுவைத்தால் ஊர் சும்மா இருக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வீசினாள்.

கூட்டம் ஓடி வந்தது. "நிக்குறவங்களுக்குத்தான் இடம். பைக்குக் கிடையாது" என்று கத்தினாள்.

"நிக்க முடிஞ்சா நாங்க ஏண்டி ஆஸ்பத்திரிக்கு வரோம்?" என்றாள் ஒருத்தி. "இவளப் பெத்த மகராசி யாரோ!"

பெற்றவள் பக்கத்திலேயே நின்றாள். பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அம்மா ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். "பரவாயில்லையே, வரிசை நூல் பிடிச்ச மாதிரி நிக்குதே! நேரமாச்சு, மூடிடும்மா."

மகள் கதவில் கை வைத்தாள். "நேரம் முடிஞ்சுது" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா மகளிடம் பேசினாள். குரலில் அத்தனை பணிவு.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து நிக்கணுங்க, மேடம்?"