ஒரே பாஸ்வேர்டு

என் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைகள். சேலையூர் அடுக்குமாடிச் சங்கம், சர்ச் மகளிர் கூட்டம், காவலர்களுக்கான பயிற்சி வகுப்பு என்று போன இடமெல்லாம் போர்த்தியவை. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கை தட்டுவார்கள், கேசரி கொடுப்பார்கள், நான் படியிறங்குவதற்குள் பிறந்த தேதியையே மறுபடி பாஸ்வேர்டாக வைத்துவிடுவார்கள். இணையப் பாதுகாப்புப் பேராசிரியை என்றால் இந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி. இருந்தே ஆக வேண்டும், ஆனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அப்போது படப்பை போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்தேன். கல்லூரியின் சொந்தக்காரரைத் தாளாளர் என்று சொல்ல வேண்டும். முதலாளி என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். செய்வதெல்லாம் முதலாளி வேலைதான். என் ஆய்வுக் கட்டுரை ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. ஆனால் விளம்பரப் பலகையில் என் படத்தைப் போட்டு, கீழே தன் படத்தை அதைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

இறுதியாண்டுப் பெண் ஒருத்தி, கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். அப்பா ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வளாக நேர்காணலில் வேலை கிடைத்திருந்தது. கடைசி செமஸ்டர் எழுதினால் போதும். ஒரு நாள் விடுதி வார்டன் அம்மா தன் புதுப் போனை அவளிடம் நீட்டி, "பாப்பா, நீ கம்ப்யூட்டர் தானே படிக்கிற? ஹாஸ்டல் கேமரா இதுல தெரியல, கொஞ்சம் பாரு" என்றிருக்கிறார். பாஸ்வேர்டையும் அவரே சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரைக்கும். அடக் கடவுளே!

அவள் சரிசெய்து கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் கவனித்தாள்: இந்த எண்களை அடித்தால் உலகத்தில் எங்கிருந்தும் யாரும் பார்க்கலாம். இரண்டாம் மாடிக் கேமரா குளியலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரத் தலையும் துண்டுமாக அவளுடைய அறைத்தோழி நடந்து போனது திரையில் தெரிந்தது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். யாருக்கும் பரப்பவில்லை, படம் பிடிக்கவில்லை. அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்.

பதிலுக்கு வந்தது இடைநீக்கம். கல்லூரி கேமராவை ஹேக் செய்தாளாம். 'நான்தான் சரிசெய்யச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய வார்டன் அம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று கையை விரித்துவிட்டார். பரீட்சை போனால் பட்டம் போகும், வேலையும் போகும். அந்தப் பெண் என் அறைக்கு வந்து அழக்கூட இல்லை. "நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கேமரா மாட்டியவருக்குப் போன் போட்டேன். கேம்ப் ரோடில் கடை வைத்திருப்பவர்.

"இன்னா மேடம் பண்றது? ஆளாளுக்கு ஒரு பாஸ்வேர்டு வெச்சா மறந்துட்றாங்கோ. அப்பால என்னியே கூப்ட்டு பேஜார் பண்றாங்கோ. அதான் எல்லா எடத்துலயும் ஒண்ணே வெச்சிட்டேன்."

"எல்லா இடத்துலயும்னா?"

"நான் மாட்ன எல்லா எடமும்தான். உங்க தாளாளர் சார் வூட்லயும் அதே தான் கீது."

மறுநாள் விசாரணைக் கூட்டம். நீள மேசை, முந்திரி பிஸ்கட், ஏசி. அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போடவில்லை, கதவோரம் நின்றாள். தாளாளர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"மேடம், இந்தப் பொண்ணு சிஸ்டத்தை ஹேக் பண்ணியிருக்கா. நீங்க எக்ஸ்பர்ட். ஒரு கையெழுத்து போடுங்க, முடிச்சிடலாம்."

"ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எண்ணறது ஹேக்கிங்னா, எல்கேஜி பசங்க எல்லாரையும் இழுத்துட்டு வந்து உள்ள தள்ளுங்க சார்."

ஒருவர் சிரிக்க வாயெடுத்து, தாளாளர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"நக்கல் வேணாம் மேடம். போடறீங்களா இல்லையா?"

"போடமாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஹாஸ்டல்ல கேமரா மாட்டினவர்தானே உங்க வீட்டுலயும் மாட்டினார்? அங்கயும் இதே பாஸ்வேர்டுதான். நேத்து அவரே சொன்னார். நான் திறந்து பார்க்கல, பார்க்கவும் மாட்டேன். ஆனா யார் வேணா பார்க்கலாம்."

அவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. எங்கள் அத்தனை பேர் முன்னாலும் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "கேமராவெல்லாம் பிடுங்கிப் போடு. இப்பவே! பொண்ணு வீட்ல இருக்கா, அறிவில்ல உனக்கு?"

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

"சார், ஹாஸ்டல்ல நாங்க எல்லாரும் இருக்கோம்."

தாளை நான் கிழிக்கவில்லை. தாளாளரே எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே விடுதிக் கேமராவைக் கழற்றினார்கள். இடைநீக்கமும் ரத்தானது. அவள் பரீட்சை எழுதினாள், வேலைக்கும் போனாள். என் துறைத் தலைவர் பதவியை அடுத்த மாதமே வேறொருவருக்குக் கொடுத்தார்கள். போகட்டும் என்று நானும் ராஜினாமாவை வீசிவிட்டு வந்தேன். அவளிடம் மட்டும் ஒரு ஆள்கூட 'தப்பு எங்க மேலதான்மா' என்று சொல்லவில்லை.

சமீபத்தில் அந்தக் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். வெட்கமே கிடையாது. மகளிர் தின விழாவாம், பெண்கள் பாதுகாப்பு பற்றி நான் பேச வேண்டுமாம். தாளாளரே ஆசைப்படுகிறாராம்.

"பொன்னாடை எல்லாம் உண்டு மேடம்."

"எனக்கு எதுக்கு? கதவோரம் நிக்க வெச்சீங்களே ஒரு பொண்ணை, அவளைக் கூப்பிடுங்க. மேடையில நாற்காலி போடுங்க. தாளாளரை மைக் முன்னாடி நிக்க வெச்சு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. நான் முதல் வரிசையில வந்து உக்கார்றேன்."

கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். விழா நடந்து முடிந்துவிட்டது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.