புழு கடிக்க ஒரு வரிசை வெற்றிலை

செடி சுகமாக இருந்தால் சோறு இறங்காத தொழில் எங்களுடையது. ஆராய்ச்சி மாணவராகிச் செடியிடம் மாட்டிக்கொண்ட சகபாடிகள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

சுவிட்ச்

வெற்றிலைக்குக் காரம் எப்படி வருகிறது என்பது என் ஆய்வு. புழு கடித்ததும் செடிக்குள் சில புரதங்கள் விழித்துக்கொண்டு, காரத்தை உண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அது எந்தப் புரதம் என்று காட்டினால் எனக்கு டாக்டர் பட்டம். தை முடிவதற்குள் காட்டாவிட்டால் என் பதிவே ரத்து.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கலியமூர்த்தி அண்ணனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அதற்குள் செருப்போடு போகக்கூடாது, லட்சுமி இருக்கும் இடம். வெறுங்காலோடு சேற்றில் நின்று, விளக்குக்குச் சுவிட்ச் இருப்பது போலக் காரத்துக்கும் ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "சுவிட்ச் இருக்கட்டும்மா, லைன்ல கரண்டு வருதான்னு பாத்தீங்களா?"

புகை

இலையைப் பறித்த கையோடு உறைய வைத்துவிட வேண்டும். தாமதித்தால், பறித்ததற்கே செடி கோபித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுவிடும். அதற்காகத் திரவ நைட்ரஜன் குடுவையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை கொடிக்காலெங்கும் பரவியது. அண்ணனின் மனைவி சரோஜா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எந்தக் கடையில வாங்கின பாப்பா? வாசனையே இல்லாத சாம்பிராணிய உன் தலையில கட்டிட்டானே!"

சிவப்பு ரிப்பன்

ஒரு வரிசைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, ஆய்வகத்தில் வளர்த்த புழுக்களை அதில் விட்டேன். பக்கத்து வரிசைக்கு ரிப்பனும் இல்லை, புழுவும் இல்லை. அது ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டுக்கும் மருந்து அடிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார்.

அடுத்த வாரம் போனால் ரிப்பன் வரிசையில் ஒரு புழுவும் இல்லை. இலையில் ஒரு கடி இல்லை. மறுபடி விட்டேன், மறுபடி காணோம். குருவி தின்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தை பிறந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இலை எல்லாம் பளபளவென்று இருக்கிறது என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில் சொன்னேன். "செடி நல்லா இருக்குன்னா நீங்க நல்லா இல்லைன்னு அர்த்தம்மா" என்றார் அவர்.

குடிபெயர்ப்பு

கடைசி முயற்சியாகச் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் நின்றேன். சரோஜா அக்கா ரிப்பன் வரிசையில் குனிந்து, புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்கா இப்படிப் பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

"படிக்கிற புள்ள ஆசையா ரிப்பன் கட்டின செடி. பூச்சி திங்கட்டும்னு சும்மா விட மனசு வருமா?"

பொறுக்கிய புழுக்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே என் பார்வை பக்கத்து வரிசைக்குப் போய்விட்டது. இத்தனை நாளும் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இலை எல்லாம் சல்லடையாக இருந்தது. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தாலும்தான். அக்கா ஆறுதலாகச் சொன்னார்: "கொல்ல மனசு வரல பாப்பா, அதுங்களும் உசிருதானே? ரிப்பன் இல்லாத செடியில விட்டுட்டேன்."

ரிப்பனை வரிசை மாற்றிக் கட்டினேன், பட்டமும் வந்துவிட்டது. காரத்துக்குச் சுவிட்ச் போட்ட புரதத்தின் பெயர் ஆய்வேட்டில் இருக்கிறது, அந்தப் புரதத்துக்கே சுவிட்ச் போட்டவர் பெயரை மட்டும் நன்றியுரையில், காரணம் சொல்லாமல் எழுதியிருக்கிறேன்.