சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன்

என் அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஆட்களை அடிப்பதை நிறுத்தியவர் அவர்தான். பிள்ளை பெற்றவளை மறுவாரமே கொழுந்தெடுக்கத் துரத்தும் வழக்கத்தை ஒழித்தவரும் அவர்தான். இந்த இரண்டாவதை யாராவது என்னிடம் சொல்லும்போது நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஏன் என்பதை இப்போது எழுதிவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அண்ணன் ஓடிப்போய்விட்டார். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், பெரிய கங்காணி அவரைப் பிரம்பால் அடித்தானாம். பிரம்பைப் பிடுங்கி முறித்துப் போட்டுவிட்டு அப்படியே மலை இறங்கிவிட்டார் என்று அம்மா சொல்வாள். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிறகு கப்பலேறி, அடித்தட்டில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். அங்கேயே ஆட்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார். கப்பலாட்களுக்குத் தலைவரானார். அவர் கையைத் தூக்கினால் துறைமுகத்தில் ஒரு கப்பலும் புகை விடாது என்று கொழும்புக்குப் போய்வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நாடு சுதந்திரமடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போயிற்று. அதற்காகவே காத்திருந்தவர்கள் போல அண்ணனுக்கு இனிக் கப்பலில் வேலை இல்லை என்று துறைமுகத்தை விட்டே வெளியேற்றினார்கள். ஒரு மழைக்காலத்தில் நானுஓயாவில் ரயில் இறங்கி, தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். முன்கை இரண்டிலும் முழங்கை வரை நெருப்புச் சுட்ட தழும்பு. அப்போது அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

“எங்க பொதைச்சீங்க?” என்று கேட்டார்.

கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திரும்பி வரும் வழியில், “இந்தத் தோட்டத்துல சங்கம் இருக்கா?” என்றார்.

லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா, அதாவது அடுத்த அறை, காலியாக இருந்தது. அதில் குடியேறினார். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அங்கே இருமினால் இங்கே கேட்கும். சீக்கிரமே எங்கள் தோட்டத்திலும் சங்கம் வந்தது. அவரே தலைவர். வேலை முடிந்து வந்ததும் அவர் வாசலில் ஆட்கள் கூடுவார்கள். கப்பல் கதை சொல்வார்.

“புழுத்த அரிசி போட்டான். பாய்லர் அறையில எங்காளு ஒருத்தன் சுருண்டு விழுந்து செத்தான். சாக்குல சுத்திக் கடல்ல போட்டாங்க. கப்பலக்கூட நிறுத்தல. அடுத்த துறைமுகத்துல எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டோம். அப்ப சமையக்காரன் ஒருத்தன், வீட்டுல கஷ்டம்னு சொல்லி, எறங்கிப் போயி நெருப்ப மூட்டுனான். அவனப் பாத்து இன்னொருத்தன். அப்புறம் இன்னொருத்தன். கப்பல் கெளம்பிருச்சு. எங்களப் புடிச்சு உள்ள போட்டாங்க. என் கூட்டாளிய ஜெயில்ல அடிச்சே கொன்னாங்க.”

“அந்தச் சமையக்காரன என்னா செஞ்சீங்க தலைவரே?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒண்ணும் செய்யல. அதான் நான் செஞ்ச தப்பு.”

எல்லாரும் தலையாட்டினார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் ஆட்டினேன்.

என் மகளுக்கு நாலு வயதாகி, அடுத்த பிள்ளையை நான் சுமந்துகொண்டிருந்த சமயத்தில் அந்த வேலைநிறுத்தம் வந்தது. பெரட்டுக்குப் பிந்தி வந்த ஒரு கிழவரைக் கணக்கப்பிள்ளை மேட்டிலிருந்து எட்டி உதைத்தான். உருண்டு விழுந்து அவருக்கு இடுப்பு முறிந்தது. மழையில் வழுக்கி விழுந்தான் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக்கொண்டார். மறுநாள் ஒருவரும் மலை ஏறவில்லை. துரை அரிசியை நிறுத்தினார். மருந்துச்சாலையைப் பூட்டினார். வேலைக்கு வருகிற வீட்டுக்கு மட்டும் மருந்து என்று உத்தரவு.

மூன்றாம் வாரம் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. என் கணவர் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அவர் இல்லாமல் அடுப்பு எரியாது என்பது துரைக்கும் தெரியும். “நீ வந்து அடுப்ப மூட்டு, ஒன் புள்ளைய லொறியில ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்” என்று சொல்லியனுப்பினார்.

என் கணவர் முதலில் அண்ணனிடம்தான் போனார்.

“மச்சான், புள்ளைக்கு முடியல. ரெண்டே ரெண்டு நாளு போயிட்டு வந்துர்றேன்.”

“ஒரு நாளு போனாலும் நீ கருங்காலிதான்” என்றார் அண்ணன். உடனே எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தார். “கம்பளிய எடு. நான் தூக்கிக்கிட்டு வாறேன். நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

சும்மா சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். ஆனால் வெளியே மழை சாட்டையாய் அடித்துக்கொண்டிருந்தது. மகளின் உதடு நீலம் பாரித்திருந்தது. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். “ஸ்டோருக்குப் போங்க” என்று நான்தான் சொன்னேன்.

மகள் லொறியில் போனாள். பிழைத்தாள். இன்று அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டோர் புகைபோக்கியில் புகை வந்ததைத் தோட்டம் முழுவதும் பார்த்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் கமிட்டி ஆட்கள். வீட்டுக்குள் வரவில்லை. ஊருக்குக் கேட்கும்படி சொன்னார்: “இந்தக் குடும்பத்தத் தள்ளி வச்சாச்சு. யாரும் பேசக்கூடாது. நெருப்பு, தண்ணி குடுக்கக்கூடாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் போகக்கூடாது. போராட்டம் முடியிற வரைக்கும்.”

பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் கணவர் ஸ்டோருக்குப் போவதை நிறுத்திவிட்டார். அது கணக்கில் சேரவில்லை. மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். நான் பிடித்துவிட்டு வந்த பிறகு பீலியைக் கழுவுவார்கள். என்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். துறைமுகத்து ஆட்கள் அண்ணன் முகத்துக்காகக் கொழும்பிலிருந்து அரிசி மூட்டைகள் அனுப்பினார்கள். லயம் லயமாகப் பங்கு வைத்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். மகள் வாசலில் உட்கார்ந்து, “மாமா, எங்களுக்கு?” என்று கேட்டாள். அண்ணன் குனிந்து மூட்டையின் வாயைக் கட்டினார்.

எனக்கு வலி எடுத்தது ஒரு பகல் வேளையில். வேலைநிறுத்தம் என்பதால் லயத்தில் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிரசவம் பார்க்கிற அக்கா நாலு வீடு தள்ளி இருந்தாள். என் மகளை எடுத்ததும் அவள்தான். கணவர் ஓடிப்போய் அவள் வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் வெளியே வரவில்லை. மருந்துச்சாலையிலும், இப்போது வேலைக்கு வராதவன் வீடு என்று திருப்பிவிட்டார்கள்.

பிள்ளை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் கத்தினேன். வெட்கம் எல்லாம் போய்விட்டது. மாடு கத்துவது போலக் கத்தினேன். கடைசியில் அந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் வீட்டுக்குள் போய் அவரிடம் கேட்டாள். சுவருக்கு மேலாக அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“தலைவரே, சத்தம் சரியில்லங்க. போகட்டுங்களா?”

“வேணாம்.”

“ஒங்க கூடப் பொறந்த பொறப்புங்க.”

“அதுக்குத்தான் வேணாங்குறேன். என் தங்கச்சின்னு இன்னைக்கி விட்டா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் ஒரு தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வருவான். ஒக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அழுகிற சத்தம் கேட்டது. “அண்ணே” என்று ஒரு தடவை கூப்பிட்டேன். இடையில் இருந்தது ஒரு சாண் அகலச் சுவர். அவருக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

விறகு போட்டுக் காய்த்துப்போன கையால் என் கணவரே பிள்ளையை வெளியே எடுத்தார். ஆண்பிள்ளை. ஒரு முறை வாயைத் திறந்து மூடியது. அழவில்லை. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வாயில் ஊதினார், பிறகு என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் தன் பழைய சட்டையில் சுற்றி எடுத்துப்போய், பள்ளத்து ஓரம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவரே வெட்டிப் புதைத்தார். கூட ஒருவரும் போகவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் துரை இறங்கிவந்தார். கணக்கப்பிள்ளையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். கிழவருக்கு வைத்தியச் செலவு கொடுத்தார்கள். தப்படித்துக்கொண்டு ஊர்வலம் லயம் லயமாக வந்தது. எனக்கு இன்னும் உதிரம் நின்றிருக்கவில்லை. படுத்துக் கிடந்தேன். என் கணவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எங்க போறீங்க?”

“எல்லாரும் போறாங்கல்ல” என்றார்.

கோயில் முன்னால் எல்லார் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்டாராம். அண்ணன் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தாராம். ஊர்வலம் திரும்பி வரும்போது என் கணவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. கோஷம் போட்டுக் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்தார். கையில் சங்கத்து அரிசி ஒரு சுண்டு. நான் அதைக் களைந்து உலையில் போட்டேன். பசித்தது. தின்றேன்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு என் கணவரை விட நம்பிக்கையான ஆள் இல்லை. அடுத்த கோரிக்கையாக அண்ணன் வைத்ததுதான் பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும், தோட்டத்தில் ஒரு மருத்துவிச்சியும். இரண்டையும் வாங்கினார். பெண்கள் எல்லாரும் மாலை போட்டார்கள். நானும் வரிசையில் நிற்க வேண்டும் என்று என் கணவர் வற்புறுத்தினார். நான் போகவில்லை. அதற்காக அன்று என்னை அடித்தார்.

பத்துப் பதினைந்து வருடம் அண்ணனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. இருமுவார். கரித்தூள் நெஞ்சில் தங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். தனியாகவே கிடந்தார், கல்யாணம் செய்யவில்லை. தன் சம்பளத்தில் பாதியைக் கஷ்டப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு போராட்டம் நடந்தது. பொலிஸ் அவரைப் பிடித்து அடித்தது. ஒரு காது கேட்காமல் போயிற்று. பிரஜை இல்லாதவர், நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

நானுஓயா ஸ்டேஷனில் நிற்க இடமில்லாத கூட்டம். இரண்டு பொலிஸ்காரர்களுக்கு நடுவில் அண்ணன் நின்றார். என் கணவர் பிளாட்பாரத்தில் புரண்டு அழுதார். நானும் போயிருந்தேன். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் அண்ணன் தலையசைத்துக் கூப்பிட்டார். கிட்டே போனேன். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தங்கச்சி, அன்னைக்கி அந்தப் பொம்பளைய விட்டிருந்தா, மறுநாளே பாதிப் பேரு வேலைக்கிப் போயிருப்பாங்க. போராட்டம் ஒடைஞ்சிருக்கும்.”

“ஒடைஞ்சிருக்கட்டுமே அண்ணே.”

அவர் முகத்தில் கோபம் வந்தது. வருத்தம் வரும் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் போலிருக்கிறது.

“ஒனக்கு இன்னும் வெளங்கல” என்றார். பொலிஸ்காரன் தோளில் கைவைத்துத் தள்ள, ரயிலேறினார். தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்களாம்.

அடுத்த வருடமே அக்கரையில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. எந்த ஊர், யார் எடுத்துப் போட்டார்கள் என்பது தெரியாது. என் கணவர் மொட்டை போட்டுக்கொண்டார். சங்கத்தில் கறுப்புக்கொடி கட்டினார்கள். பிரசவம் பார்க்கிற அந்த அக்கா, அப்போது கிழவி, எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவரு என்னா சொன்னாலும் அன்னைக்கி நான் வந்திருக்கணும்” என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாள்.

“ஆமாக்கா, வந்திருக்கணும்” என்றேன்.

அவள் எழுந்து போனாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன்.